பேதியில போனவர்களும் குடலுக்குள் இருக்கும் மடைகளும்



இது நீளமான பதிவு. ஒரே மூச்சில் படிக்க முடியாதவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு இரண்டு தடவையாகப் படியுங்கள். ஓய்வு பெற்றாலும் பாடம் நடத்துகிற பழக்கம் மட்டும் போகவில்லை.

என்னிடம் உயிரியல் படித்து, இப்போது கிராமத்தில் செவிலியராக வேலை பார்க்கும் பெண் ஒருத்தி சில வாரங்களுக்கு முன் எழுதியிருந்தாள். "சார், பிள்ளைக்குப் பேதியாகுதுன்னு வர்றவங்ககிட்ட உப்புக்கரைசல் பாக்கெட்டைக் கொடுத்தா, வீட்டுப் பெரியவங்க பிரிக்கவே விடமாட்டேங்கிறாங்க. 'தண்ணியக் குடுத்தா இன்னும்ல போகும்'னு சொல்றாங்க. மருந்துக்கடையில போயி பேதி நிக்கிற மாத்திரையை வாங்கிக் குடுத்துர்றாங்க. அவங்களுக்குப் புரியற மாதிரி எதாச்சும் எழுதுங்க சார்."

அவள் கேட்டதற்குப் பதில் ஒரு வரியில் முடியாது. அதற்குள் இருநூறு வருட வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் நம் மதுரையும் இருக்கிறது.

வசவு மட்டும் மிஞ்சியது

"பேதியில போவான்" என்ற வசவைக் கேட்காமல் மதுரைப் பக்கம் யாரும் வளர்ந்திருக்க முடியாது. "கொள்ளையில போவான்" என்பது அதன் உடன்பிறப்பு. இன்று கோபத்திலும் சொல்கிறோம், செல்லமாகவும் சொல்கிறோம். ஆனால் இது யாரோ உட்கார்ந்து யோசித்த வசவு இல்லை. கண்ணால் பார்த்ததிலிருந்து வந்தது. பேதி என்று அந்தக் காலத்தில் பயந்து சொன்னது வாந்திபேதியை, அதாவது காலராவை. காலையில் நன்றாக எழுந்து வயலுக்குப் போனவர் சாயங்காலத்துக்குள் கண் குழி விழுந்து, விரல் தோல் சுருங்கி, குரல் அடைத்து, நாடி பிடிபடாமல் போய்விடுவார். வெளியே போவது மலமாகவே இருக்காது. அரிசி கழுவிய தண்ணீர் போல இருக்கும். கடுமையாகத் தாக்கினால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் வரைகூடப் போகும். வைத்தியம் இல்லாவிட்டால் பாதிப் பேர் பிழைக்கமாட்டார்கள்.

1817-ல் வங்காளத்தில் ஜெஸ்ஸூர் பக்கம் கிளம்பிய காலரா அதற்கு முன் பார்த்திராத வேகத்தில் பரவியது. 1818-லேயே சென்னை மாகாணத்துக்குள் வந்துவிட்டது. அங்கிருந்து இலங்கை, கப்பல் ஏறிக் கிழக்கு நாடுகள், மேற்கே பாரசீகம் வரை போனது. உலகம் தழுவிய முதல் காலரா என்று சரித்திரத்தில் சொல்வது இதைத்தான்.

மதுரைச் சீமைக்கு இதில் ஒரு தனிச் சங்கடம் இருந்தது. வடக்கே இருந்து ராமேசுவரம் போகிற யாத்ரீகர்கள் மதுரையில் மீனாட்சியைக் கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். வழியெல்லாம் சத்திரம், சத்திரத்துக்கு ஒரு ஊருணி. குளிப்பதும் குடிப்பதும் அதே ஊருணியில். சித்திரைத் திருவிழாவுக்கு வண்டி கட்டி வந்த ஜனங்கள் வைகை மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்தார்கள். பக்கத்து மணலிலேயே காலைக்கடனும் நடந்தது. ஒரு ஆளுக்கு நோய் இருந்தால் போதும். திருவிழா முடிந்து கூட்டம் கலையும்போது நோயும் கூடவே ஊர் ஊராகப் போனது. தாது வருஷப் பஞ்சத்தில், அதாவது 1876 முதல் 1878 வரை, பசியில் வற்றிய ஜனங்கள் கஞ்சித் தொட்டிக்கும் நிவாரண முகாமுக்கும் வந்து குவிந்த இடத்திலெல்லாம் காலரா பின்னாலேயே வந்தது. பஞ்சத்தில் செத்தவர்கள் என்று எண்ணப்பட்டவர்களில் எத்தனையோ பேரைக் கொண்டுபோனது வாந்திபேதிதான்.

தண்ணீரைத் தடுத்த வைத்தியம்

அப்போது வைத்தியம் என்ன? வெள்ளைக்கார டாக்டர்கள் ரத்தம் எடுத்தார்கள். ஏற்கெனவே தண்ணீர் வற்றிய உடம்பிலிருந்து! பாதரசம் கலந்த கலோமல் கொடுத்தார்கள். அபின் கொடுத்தார்கள். நாக்கு வறண்டு தண்ணீர் கேட்டவருக்குத் தண்ணீரைத் தடுத்தார்கள். நம் வீடுகளிலும் அதே யோசனைதான்: குடிப்பது அப்படியே வெளியே போகிறது, அதனால் குடிக்காதே. பார்ப்பதற்கு நியாயமாகத்தான் தெரியும். ஓட்டைக் குடத்தில் யாராவது தண்ணீர் ஊற்றுவார்களா?

ஆனால் இதற்கு மாற்று மிகச் சீக்கிரமே கண்ணில் பட்டது. 1831-32-ல் காலரா இங்கிலாந்தை எட்டியபோது, வில்லியம் ஓ'ஷாக்னஸி என்ற இருபத்திரண்டு வயது டாக்டர் நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்தார். ரத்தத்தில் தண்ணீரும் உப்பும் குறைந்திருப்பதையும், குறைந்த அந்த உப்பு மலத்தில் இருப்பதையும் கண்டார். போனதைத் திருப்பிக் கொடுங்கள் என்று எழுதினார். ஸ்காட்லாந்தில் தாமஸ் லாட்டா என்ற டாக்டர் அதைப் படித்துவிட்டு, 1832-ல் உப்புத் தண்ணீரை நேராக ரத்தக்குழாயில் ஏற்றினார். செத்தவர் போலக் கிடந்த சிலர் எழுந்து உட்கார்ந்தார்கள். ஆனால் அந்தத் தண்ணீர் கிருமி நீக்கியதில்லை, அளவும் போதவில்லை, சாகும் தறுவாயில்தான் கொடுத்தார்கள். பலர் இறந்ததும் அந்த முறையே கைவிடப்பட்டது. ஓ'ஷாக்னஸி பிறகு இந்தியாவுக்கு வேலைக்கு வந்தார். நம் நாட்டில் தந்திக் கம்பி இழுத்தவர் என்று அவரைச் சரித்திரப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அதே மனிதர்தான். நாடு முழுக்கச் செய்தி அனுப்ப வழி செய்தவரின் சொந்தச் செய்தி மட்டும் டாக்டர்களுக்குப் போய்ச் சேர அறுபது எழுபது வருடம் ஆனது. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கல்கத்தாவில் லெனார்ட் ராஜர்ஸ் உப்புக்கரைசலை நரம்பில் ஏற்றி, சாவைச் சுமார் பாதியாகக் குறைத்தபோதுதான் அது மறுபடி தலை எடுத்தது.

கிருமி யார் என்பது அதற்குள் தெரிந்துவிட்டது. 1884-ல் ராபர்ட் கோக் கல்கத்தாவில் வைத்து, கமா போல வளைந்த காலரா கிருமியைத் தனியே பிரித்துக் காட்டினார். அது ஏதோ ஒரு விஷத்தைக் கக்குகிறது என்றும் அவர் சந்தேகப்பட்டார். ஆனால் அந்த விஷத்தை யாராலும் காட்ட முடியவில்லை. விஷம் என்றால் ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கத் தாக்கும் என்று நினைத்து, பிராணிகளின் உடம்பில் வேறு வேறு இடங்களில் ஊசி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முயல் குடலில் கட்டிய நூல்

இந்த முடிச்சை அவிழ்த்தவர் வங்காளத்தில் ஹூக்ளி மாவட்டக் கிராமம் ஒன்றில் 1915-ல் பிறந்த சம்பு நாத் டே. கல்கத்தாவில் நோய்க்குறியியல் பேராசிரியர். அவர் கேட்ட கேள்வி எளிமையானது: கிருமி குடலில்தானே இருக்கிறது, விஷத்தையும் குடலுக்குள்ளேயே தேடினால் என்ன? 1953-ல் முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரண்டு பக்கமும் நூலால் கட்டி, அந்தத் துண்டுக்குள் காலரா கிருமியைச் செலுத்தினார். மறுநாள் அந்தத் துண்டு மட்டும் தண்ணீரால் உப்பியிருந்தது. அடுத்து, கிருமி வளர்ந்த திரவத்தைக் கிருமி ஒன்றுகூட இல்லாமல் வடிகட்டி, வடிந்த நீரை மட்டும் செலுத்தினார். அப்போதும் உப்பியது. விஷம் என்று ஒன்று இருக்கிறது, அது குடலின் உள்சுவரிலேயே வேலை செய்கிறது என்று 1959-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்.

பெரிய ஆய்வகம் இல்லை, விலை உயர்ந்த கருவி இல்லை. முயல், நூல், ஊசி, சரியான கேள்வி. நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க் டேயின் பெயரை நோபலுக்கே பரிந்துரைத்தார் என்றாலும், நம் நாட்டில் அவருக்குப் பெரிய மரியாதை எதுவும் நடக்கவில்லை. 1985-ல் இறந்தார். 1990-ல் 'கரண்ட் சயின்ஸ்' இதழ் அவருக்காக ஒரு சிறப்பிதழ் போட்டது. வகுப்பில் கோக் பெயரைக் கேட்டால் எல்லாரும் கை தூக்குவீர்கள். இனிமேல் டே பெயரையும் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

கண்மாய் தெரிந்தால் குடல் புரியும்

இப்போது விஷம் என்ன செய்கிறது என்று பார்ப்போம். பாடப்புத்தகத்தில் அயனிக் கால்வாய் என்று போட்டிருக்கும். நம் ஊர்க்காரர்களுக்கு மடை என்று சொன்னால் உடனே புரியும். கண்மாய்க் கரையில் மடை இருக்கும்; நீர்பாய்ச்சி அதைத் தேவைக்குத் திறப்பார், தேவைக்கு அடைப்பார். அதே மாதிரி, நம் உடம்பின் ஒவ்வொரு செல்லின் சுவரிலும் புரதத்தால் ஆன நுண்ணிய மடைகள் இருக்கின்றன. சோடியத்துக்கு ஒன்று, பொட்டாசியத்துக்கு ஒன்று, கால்சியத்துக்கு ஒன்று, குளோரைடுக்கு ஒன்று. நாம் சாப்பிடும் கல் உப்பு கரைந்தால் சோடியமும் குளோரைடும்தான். இவை மின்னூட்டம் கொண்டவை. அதனால் மடை திறந்தால் உப்பு மட்டும் நகர்வதில்லை, மின்சாரமும் மாறுகிறது. இன்னொன்று முக்கியம்: உடம்பில் தண்ணீருக்குத் தனிப் புத்தி கிடையாது. உப்பு எங்கே போகிறதோ அங்கே அது பின்னாலேயே போகும்.

குடலில் இரண்டு வேலைக்கு இந்த மடைகள் வேண்டும். ஒன்று ஈரம், இன்னொன்று தாளம்.

ஈரம் என்றால், குடலின் உள்சுவர்ச் செல்கள் குளோரைடைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்குள் விடுகின்றன. சோடியம் பின்தொடர்கிறது, தண்ணீரும் வருகிறது. சாப்பாடு வழுக்கிக்கொண்டு போக அந்த ஈரம் வேண்டும். இந்த மடைக்கு சி.எஃப்.டி.ஆர். என்று பெயர்; இதற்கான மரபணு 1989-ல் கண்டுபிடிக்கப்பட்டது. காலரா விஷம் செல்லுக்குள் புகுந்து, மடையைத் திறக்கச் சொல்லும் உத்தரவை அடங்காமல் ஓயாமல் கொடுக்க வைக்கிறது. நீர்பாய்ச்சி கையைக் கட்டிப்போட்டு மடையைப் பிடுங்கி எறிந்த மாதிரி. கண்மாய் வற்றுகிற வரை ஓடும். அந்தக் கண்மாய் நம் ரத்தம்.

தாளம் என்பது குடலின் அசைவு. இரைப்பையின் மின்தாளம் நிமிடத்துக்குச் சுமார் மூன்று தடவை. சிறுகுடலின் தொடக்கத்தில் பதினொன்று, பன்னிரண்டு. கடைசியில் எட்டு போல. மூளை சொல்லி இது நடப்பதில்லை. நரம்பைத் துண்டித்தாலும் குடல் அசைகிறது என்பது 1899-லேயே பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரண்டு பேர் காட்டியது. அப்படியானால் தாளம் போடுவது யார்? ஸ்பெயின் நாட்டு ராமோன் ஈ கஹால், குடல் தசைகளுக்கு நடுவே வலைபோலப் பின்னிக் கிடந்த விநோதமான சில செல்களைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே பார்த்து வரைந்து வைத்தார். அவை நரம்புச் செல்கள் என்று நினைத்தார். 1982-ல் டென்மார்க்கின் லார்ஸ் துனெபெர்க், தாளம் போடுபவை இவையாக இருக்கலாம் என்றார். 1990-களில் ஜப்பானிலும் கனடாவிலும் நடந்த எலி ஆய்வுகளில், இந்தச் செல்கள் இல்லாவிட்டால் குடலின் மெல்லலைத் தாளமே காணாமல் போவது நிரூபணமானது. 2009-ல் இதில் முக்கியமான மடை எது என்று தெரிந்தது. அனோ-1 என்று பெயர். அதுவும் குளோரைடு மடைதான்!

அது வேலை செய்யும் விதம் இப்படி. கஹால் செல்லுக்குள் கால்சியம் துளித்துளியாகச் சுரந்ததும் அனோ-1 மடை திறக்கிறது. உள்ளே சேர்ந்திருந்த குளோரைடு வெளியே பாய்கிறது. செல்லின் மின்னழுத்தம் மாறுகிறது. அந்த மாற்றம் பக்கத்துத் தசைச் செல்லுக்குப் பரவ, அங்கே கால்சியம் மடை திறந்து தசை சுருங்குகிறது. பிறகு பொட்டாசியம் மடை திறக்க, தசை தளர்கிறது. சுருங்கு, தளர். சுருங்கு, தளர். பிறந்ததிலிருந்து சாகிற வரை.

ஒரே குளோரைடுதான். உள்சுவரில் வெளியேறினால் ஈரம். தசை நடுவில் வெளியேறினால் தாளம். ஆனால் மடைகள் வேறு வேறு. இது புரிந்தால், என் மாணவியின் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

அபின் ஏன் தோற்றது

பத்தொன்பதாம் நூற்றாண்டு டாக்டர்கள் காலராவுக்குக் கொடுத்த அபின் தாளத்தை நிறுத்துகிற மருந்து. குடல் நரம்புகளில் பொட்டாசியம் மடையைத் திறந்துவைத்து, கால்சியம் மடையை அடைத்து, நரம்பின் வாயை மூடிவிடும். குடல் அசையாது. வெளியே போவது நின்ற மாதிரி தெரியும். ஆனால் உள்சுவரின் சி.எஃப்.டி.ஆர். மடை திறந்தபடியே இருக்கிறது. தண்ணீர் ரத்தத்திலிருந்து கொட்டிக்கொண்டே இருக்கிறது. வெளியே வராமல் வயிற்றுக்குள் தேங்கும், அவ்வளவுதான். பாய் நனையவில்லை என்று வீட்டார் நிம்மதியாக இருக்கும்போது நோயாளி உள்ளுக்குள் வற்றிக்கொண்டிருப்பார்.

கூடவே இன்னொரு ஆபத்து. பேதியில் பொட்டாசியமும் ஏராளமாகப் போகிறது. ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் தசைச் செல்கள் எளிதில் தூண்டப்படாது. கால்சியம் மடைகள் திறக்காது. குடல் தாளம் தப்பி, கடைசியில் அசைவே நின்றுவிடும். வயிறு மேளம் போல உப்பும். காலராவில் பேதி குறைந்து வயிறு உப்பினால், அதைக் குணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தாளம் நின்றுபோனதன் அடையாளமாகவும் இருக்கலாம்.

இன்று மருந்துக்கடையில் "பேதி நிக்கிற மாத்திரை" என்று வாங்குகிறோமே, அதில் பெரும்பாலும் இருப்பது லோப்பரமைடு. 1969-ல் பெல்ஜியத்தில் தயாரித்தது. அபினைப் போல மூளையை மயக்காது. ஆனால் குடலில் அபின் பிடிக்கிற அதே இடத்தைத்தான் பிடிக்கிறது. பெரியவர்கள் சில நேரங்களில் டாக்டர் சொல்லி எடுத்துக்கொள்ளலாம். சின்னப் பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் வெகுநாளாகச் சொல்லி வருகிறது. குடலசைவு நின்று, வயிறு உப்பி உயிர் போன குழந்தைகள் உண்டு. பழைய அபின் வைத்தியம் மாத்திரை உருவத்தில் நம் வீட்டுக்குள் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

வேறொரு வாசல்

உடைந்த மடையை அடைக்க முடியாது. அப்புறம் எப்படிப் பிழைக்க வைப்பது? இங்கேதான் ஓட்டைக் குடக் கணக்கு தப்பாகிறது. குடல் குடம் இல்லை. ஒரு பக்கம் கொட்டிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பக்கம் உறிஞ்சவும் அதற்குத் தெரியும்.

1960-ல் பிராக் நகரில் நடந்த கூட்டத்தில் ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்கர் ஒரு கருத்தைச் சொன்னார். குடல் சுவரில் ஒரு வாசல் இருக்கிறது. அதில் குளுக்கோஸ் தனியாக நுழையாது, சோடியமும் தனியாக நுழையாது. இரண்டும் கைகோத்து வந்தால்தான் கதவு திறக்கும். இரண்டும் உள்ளே போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும். அதிசயம் என்னவென்றால், காலரா விஷம் இந்த வாசலைத் தொடுவதே இல்லை. வெறும் தண்ணீர் கொடுத்தால் பயன் குறைவு. வெறும் உப்புத் தண்ணீரும் அப்படித்தான். உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் சேர்ந்தால் மட்டும் வாசல் திறக்கிறது.

இந்த விளக்கம் வருவதற்கு முன்பே, 1953-ல், கல்கத்தாவில் ஹேமேந்திர நாத் சட்டர்ஜி என்ற டாக்டர் 186 காலரா நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய் வழியாகக் கொடுத்துப் பிழைக்க வைத்து, 'லான்செட்' இதழில் எழுதியிருந்தார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1968-ல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இளம் டாக்டர்கள் அளந்து கொடுத்து நிரூபித்தார்கள். அப்போதும் பெரிய டாக்டர்கள் நம்பவில்லை. நரம்பில் ஏற்றினால்தான் வைத்தியம், வாயில் ஊற்றினால் பாட்டி வைத்தியம் என்று நினைத்தார்கள்.

1971-ல் வங்கதேசப் போர். எல்லையோரம் பன்காவ் ஊரில் அகதிகள் குவிந்தார்கள், காலரா வெடித்தது. கல்கத்தாவிலிருந்து டாக்டர் திலீப் மகாலானபிஸ் போனார். சின்ன ஆஸ்பத்திரி, தரையெல்லாம் நோயாளிகள், நரம்பில் ஏற்றுகிற சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. அவர் ஒரு முடிவு எடுத்தார். லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று பொட்டலம் கட்டி, குழாய் வைத்த டிரம்களில் கரைத்து வைத்தார். "ஓரல் சலைன்" என்று பெயரிட்டார். சலைன் என்ற சொல்லுக்கு ஜனங்களிடம் மரியாதை இருந்தது. குவளையில் பிடித்துக் கொடுத்தது யார்? அம்மாக்கள், அண்ணன்மார், பக்கத்தில் இருந்த உறவுகள். சுமார் 30 சதவீதமாக இருந்த சாவு, 3.6 சதவீதத்துக்கு இறங்கியது. அவர் 2022-ல் காலமானார். அடுத்த வருடம் பத்ம விபூஷண் வந்தது. இந்தப் பொட்டலம் உலகம் முழுக்கக் காப்பாற்றிய உயிர்களைக் கோடிக்கணக்கில் சொல்கிறார்கள்.

மறுபடி நம் ஊர்

1992 அக்டோபரில் சென்னையில் புது ரகம் ஒன்று தலைகாட்டியது. தொடர்ந்து மதுரையிலும் வேலூரிலும் பரவி, பிறகு கல்கத்தா, வங்கதேசம் என்று போனது. அதற்கு முன் காலரா என்றால் ஓ-1 என்ற வகை மட்டும்தான். இது ஓ-139. பழைய காலராவுக்கு உடம்பில் உருவாகியிருந்த எதிர்ப்பு இதனிடம் செல்லவில்லை. அதனால் பெரியவர்களும் நிறையப் பேர் படுத்தார்கள். கிருமியின் மேல்சட்டை மாறியிருந்ததே தவிர, கக்கிய விஷம் அதேதான், பிடுங்கிய மடை அதேதான். அதனால் உப்புச் சர்க்கரைக் கரைசலும் அதே மாதிரி வேலை செய்தது. 1818-ல் நம் சீமைக்கு வந்ததற்கும் 1992-ல் வந்ததற்கும் உள்ள பெரிய வித்தியாசங்களில் இதுவும் ஒன்று.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் கூட்டாளிகளும் இதில் இன்னொரு படி ஏறினார்கள். சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடல் வரை போகிற ஒருவகை மாவுச்சத்தைக் கரைசலில் சேர்த்தார்கள். அங்குள்ள நல்ல பாக்டீரியா அதை நொதிக்க வைத்து உண்டாக்கும் அமிலங்கள், பெருங்குடலையும் சோடியத்தை உறிஞ்ச வைக்கின்றன. காலரா நோயாளிகளுக்குப் பேதி சீக்கிரம் குறைந்தது. 2000-ல் அமெரிக்காவின் பெரிய மருத்துவ இதழில் வந்தது. அரிசி மாவு சேர்த்த கரைசலும் காலராவில் நல்ல பலன் தருவதை வேறு பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியைப் பேதிக்காரருக்கு ஊற்றிய பாட்டிகள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்.

வீட்டில் என்ன செய்வது

இனி என் மாணவி கேட்டதற்கு நேராக வருகிறேன்.

பேதி ஆரம்பித்தவுடனே உப்புக்கரைசல் கொடுக்க வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும். 2002-லிருந்து உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு: லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம். குடலின் தாளம் நிற்காமல் இருக்கத்தான் அந்தப் பொட்டாசியம். பாக்கெட்டில் எத்தனை தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அத்தனையில் முழுப் பாக்கெட்டையும் கரையுங்கள். பாதியைக் கொட்டிக் கண் அளவில் கலக்காதீர்கள்.

பாக்கெட் கிடைக்கவில்லையா? கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், தலைதட்டிய டீஸ்பூனில் ஆறு சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. சர்க்கரை கூடினால் பேதி கூடும். உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. இளநீர் நல்லதுதான், அதில் பொட்டாசியம் நிறைய. ஆனால் சோடியம் குறைவு. அதனால் இளநீர் மட்டும் போதாது.

டாக்டர் துத்தநாக மாத்திரை எழுதினால் பேதி நின்ற பிறகும் சொன்ன நாள் வரை கொடுங்கள். அது உள்சுவர்ச் செல்லின் பின்பக்கமுள்ள ஒரு பொட்டாசியம் மடையை அடைப்பதால் குளோரைடு கொட்டுவது குறைகிறது என்பது அது வேலை செய்யும் வழிகளில் ஒன்று.

கடையில் அட்டைப் பெட்டியில் விற்கிற இனிப்புப் பானங்கள் உப்புக்கரைசல் ஆகாது. சர்க்கரை அதிகம், உப்பு குறைவு. பல வருடம் "ஓ.ஆர்.எஸ்." என்ற எழுத்தைப் போட்டே சில பானங்கள் விற்றன. ஹைதராபாத்தில் ஒரு குழந்தை மருத்துவர் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகு, 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்த எழுத்தைப் பானங்களில் போடக் கூடாது என்று உத்தரவிட்டது. வாங்கும்போது படித்துப் பார்த்து வாங்குங்கள்.

குழந்தை குடிக்க மறுத்தாலோ, மயங்கிக் கிடந்தாலோ, கண் குழி விழுந்தாலோ, ஆறு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, வயிறு உப்பினாலோ, வீட்டு வைத்தியம் போதும். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். போகிற வழியிலும் கரண்டியால் ஊற்றிக்கொண்டே போங்கள்.

"தண்ணியக் குடுத்தா இன்னும்ல போகும்" என்று சொல்லும் பெரியவர்களிடம் சண்டை போடாதீர்கள். அவர்கள் சொல்வது பாதி உண்மை, போகத்தான் செய்யும். "ஆமா பாட்டி, போகும். போனாலும் உள்ள ஏர்றது அதவிட ஜாஸ்தி. போறது முக்கியமில்ல, பிள்ளை உள்ளுக்குள்ள வத்தாம இருக்கணும்" என்று சொல்லிக் கரைசலை அவர்கள் கையிலேயே கொடுங்கள். பன்காவில் அத்தனை உயிரைக் காப்பாற்றியது உறவுக்காரர்களின் கைதான்.

உங்கள் வீட்டில் எண்பது வயதைத் தாண்டியவர்கள் இருந்தால், அந்தக் காலத்து வாந்திபேதி பற்றிக் கேட்டு, எந்த ஊர், எந்த வருஷம் என்று கீழே எழுதுங்கள். எழுதி வைக்காவிட்டால் வசவு மட்டும்தான் மிஞ்சும். செவிலியர், அங்கன்வாடி வேலை பார்க்கிறவர்கள் இந்தப் பதிவைத் தாராளமாக எடுத்துப் பயன்படுத்தலாம். என் பெயர் போட வேண்டியதில்லை. சம்பு நாத் டே, ஹேமேந்திர நாத் சட்டர்ஜி, திலீப் மகாலானபிஸ் பெயர்களை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

எல்லாரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்